லெவ் வைகாட்ஸ்கி

லெவ் செமியோனவிச் வைகாட்ஸ்கி (நவம்பர் 17, 1896 - ஜூன் 11, 1934) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த உளவியலாளரும் கல்வியியலாளரும் ஆவார். குழந்தையின் அறிவு எவ்வாறு வளர்கிறது என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் அளிக்கப்பட்ட முக்கியமான விடைகளுள் ஒன்று இவருடையது. மனிதரின் உயர்நிலைச் சிந்தனை முதலில் மற்றவர்களுடன் சேர்ந்து செய்யும் செயலாகத் தோன்றுகிறது என்பதும், பின்னரே அது தனி மனிதரின் உள்ளத்துக்குள் இடம்பெறுகிறது என்பதும் இவரது அடிப்படைக் கருத்துகளாகும். இவர் தோற்றுவித்த சிந்தனைப் பள்ளி பண்பாட்டு-வரலாற்று உளவியல் என அழைக்கப்படுகிறது.

உளவியலில் இவர் முழுநேரமாக ஈடுபட்டது ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மட்டுமே. காசநோயால் 37 ஆவது வயதில் இறந்தார். இவரது எழுத்துகளில் பெரும்பகுதி இவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. இறந்த பின்னரும் சுமார் இருபது ஆண்டுகள் இவரது நூல்கள் சொந்த நாட்டிலேயே மறுபதிப்புப் பெறவில்லை.

இளமையும் கல்வியும்

வைகாட்ஸ்கி அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்றைய பெலருஸ் நாட்டில் உள்ள ஓர்சா என்ற ஊரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் இவர் இரண்டாமவர். தந்தையார் வங்கி ஒன்றில் பொறுப்பான பதவி வகித்தவர். தாயார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். லெவ் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கோமெல் நகருக்குக் குடிபெயர்ந்தது. தொடக்கக் கல்வியை வீட்டிலேயே தனி ஆசிரியர் ஒருவரிடம் பெற்றார். விடையை நேராகச் சொல்லாமல், கேள்விகளைத் தொடர்ந்து கேட்டு மாணவரையே விடைக்கு அழைத்துச் செல்வது அந்த ஆசிரியரின் முறையாகும்.

1913 ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பைத் தங்கப் பதக்கத்துடன் முடித்தார். அக்காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களுக்கு 3 விழுக்காடு இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டு முதல் அந்த இடங்களை மதிப்பெண் அடிப்படையில் நிரப்பாமல் சீட்டுக் குலுக்கல் மூலம் நிரப்ப அரசு முடிவு செய்தது. எனவே பதக்கம் பெற்றிருந்தும் இடம் கிடைப்பது உறுதியாக இல்லை. குலுக்கலில் இவரது பெயர் வந்தமையால் பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தது.

முதலில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். விரைவில் சட்டப் படிப்புக்கு மாறினார். அதே காலத்தில் மாஸ்கோவில் இருந்த சன்யாவ்ஸ்கி மக்கள் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மெய்யியலும் பயின்றார். இலக்கியத்திலும் நாடகத்திலும் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். மாணவராக இருக்கும்போதே சேக்சுபியரின் ஹாம்லெட் நாடகத்தைப் பற்றி விரிவான ஆய்வு ஒன்றை எழுதினார்.

கோமெல் நகரில் ஆசிரியப் பணி

ரஷ்யப் புரட்சி நிகழ்ந்த 1917 ஆம் ஆண்டு வைகாட்ஸ்கி கோமெல் திரும்பினார். அடுத்து வந்த ஆண்டுகள் போரும் பஞ்சமும் நோயும் நிறைந்தவை. தாயார் காசநோயால் பாதிக்கப்பட்டார். இரு தம்பிகள் நோயுற்று இறந்தனர். குடும்பத்தில் நோயுற்றவர்களைக் கவனித்து வந்த வைகாட்ஸ்கிக்கும் காசநோய் தொற்றியது. வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் இந்நோய் இவரை விட்டு நீங்கவில்லை.

கோமெலில் பள்ளிகளில் இலக்கியம் கற்பித்தார். நாடக விமர்சனங்கள் எழுதினார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் கற்பித்ததோடு அங்கே சிறிய உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றையும் நிறுவினார். வகுப்பறையில் மாணவர் எவ்வாறு கற்கின்றனர் என்பதை நேரில் கண்ட இந்த ஆண்டுகளே இவரை உளவியலுக்கு இட்டுச் சென்றன எனலாம். இங்கு நடத்திய பாடங்களின் அடிப்படையில் உருவான கல்வி உளவியல் என்ற நூல் 1926 இல் வெளிவந்தது.

1924 மாநாடும் மாஸ்கோ வாழ்வும்

1924 ஆம் ஆண்டு சனவரியில் பெத்ரோகிராத் நகரில் (பின்னர் லெனின்கிராத், இன்று சென் பீட்டர்ஸ்பேர்க்) உள-நரம்பியல் மாநாடு ஒன்று நடைபெற்றது. அன்றைய ரஷ்ய உளவியலில் மறிவினைக் கோட்பாடு செல்வாக்குப் பெற்றிருந்தது. தூண்டலுக்கு உடல் காட்டும் எதிர்வினையை மட்டுமே அறிவியல் முறையில் ஆராய முடியும் எனவும், உணர்வுநிலை என்பது அறிவியலின் எல்லைக்குள் வராது எனவும் பலர் கருதினர். பெயர் அறியப்படாத ஊர் ஆசிரியரான வைகாட்ஸ்கி அம்மாநாட்டில் உரையாற்றினார். மனிதரின் உணர்வுநிலையை விட்டுவிட்டால் உளவியல் முழுமையடையாது என்று அவர் வாதிட்டார். கையில் குறிப்பு ஏதும் இல்லாமல் அவர் பேசியதைக் கேட்ட இளம் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா பெரிதும் வியப்புற்றார். லூரியாவின் முயற்சியால் மாஸ்கோவில் உள்ள சோதனை உளவியல் நிறுவனத்தில் பணிபுரியும் அழைப்பு வைகாட்ஸ்கிக்குக் கிடைத்தது.

அவ்வாண்டிலேயே ரோசா ஸ்மெகோவாவை மணந்து மாஸ்கோவில் குடியேறினார். இவர்களுக்கு கீத்தா, ஆஸ்யா என்ற இரு மகள்கள் பிறந்தனர். வைகாட்ஸ்கி, லூரியா, அலெக்சி லியோன்டியெவ் ஆகிய மூவரும் நெருங்கிச் செயல்பட்டனர். இவர்களைச் சுற்றி இளம் ஆய்வாளர் குழு ஒன்று உருவானது.

1925 இல் கலையின் உளவியல் என்ற தமது ஆய்வேட்டை முடித்தார். அவ்வாண்டு கோடையில் செவித்திறன் குறைந்தோரின் கல்வி குறித்த மாநாட்டில் பங்கேற்க லண்டன் சென்றார். இவர் மேற்கொண்ட ஒரே வெளிநாட்டுப் பயணம் இதுவாகும். திரும்பியபின் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நேரில் வந்து ஆய்வேட்டை வாதிட இயலாத நிலையில், அத்தேர்வு இல்லாமலே பட்டம் வழங்கப்பட்டது. உயிர் பிழைப்பது ஐயமாக இருந்த அக்காலத்தை ஒட்டி, உளவியலின் நெருக்கடியைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல உளவியல்கள் இருப்பதை அதில் சுட்டிக்காட்டி, பொதுவான அடித்தளம் ஒன்றின் தேவையை வலியுறுத்தினார். அக்கட்டுரை 1982 இல்தான் அச்சில் வந்தது.

குறைபாடுடைய குழந்தைகளின் கல்வி

முதல் உலகப் போரும் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் பல இலட்சம் குழந்தைகளை வீடற்றவர்களாக ஆக்கியிருந்தன. பார்வையற்ற, செவித்திறன் இல்லாத, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் கல்வியும் புதிய அரசின் முன் இருந்த பெரும் சிக்கலாக இருந்தது. வைகாட்ஸ்கி 1924 முதல் கல்வி ஆணையத்தில் இத்துறையில் பணியாற்றினார். பின்னர் மாஸ்கோவில் அமைந்த சோதனைக் குறைபாட்டியல் நிறுவனத்தின் பணிகளிலும் முக்கியப் பங்கு வகித்தார்.

உடற்குறைபாடு குழந்தையின் வளர்ச்சியை இரு வழிகளில் பாதிக்கிறது என்று அவர் விளக்கினார். முதலாவது குறைபாடு உடலைச் சார்ந்தது. இரண்டாவது, அக்குறைபாட்டின் காரணமாகக் குழந்தை மற்றவர்களுடைய பேச்சிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் கல்வியிலிருந்தும் விலக்கப்படுவதால் உண்டாவது. முதலாவதை மருத்துவத்தால் நீக்க முடியாமற் போகலாம். இரண்டாவதைக் கல்வியால் தடுக்க முடியும். கண் பார்வைக்குப் பதிலாக விரலால் படிக்க உதவும் பிரெயில் எழுத்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். வழி வேறு, ஆனால் சென்றடையும் இடம் ஒன்றே. செவித்திறன் இல்லாத குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சே முதன்மையாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று தொடக்கத்தில் கருதிய அவர், பின்னர் சைகை மொழிக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும் என்ற நிலைக்கு வந்தார்.

அறிவு வளர்ச்சி குறித்த அக்காலக் கோட்பாடுகள்

வைகாட்ஸ்கியின் கோட்பாட்டைப் புரிந்துகொள்ள, அவர் காலத்தில் நிலவிய பிற கோட்பாடுகளை அறிவது தேவை. கற்றலுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மூன்று நிலைப்பாடுகள் இருப்பதாக அவரே வகைப்படுத்தினார்.

முதலாவது, வளர்ச்சி முன்னே செல்ல, கற்றல் அதைப் பின்தொடர்கிறது என்பது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜேயின் கருத்தை வைகாட்ஸ்கி இவ்வகையில் சேர்த்தார். பியாஜேயும் 1896 இல் பிறந்தவரே. குழந்தை தன் சுற்றுப்புறத்துடன் செயல்பட்டுத் தானே அறிவைக் கட்டமைத்துக் கொள்கிறது என்பதும், அதன் சிந்தனை படிநிலைகளாக முதிர்கிறது என்பதும் பியாஜேயின் கருத்துகளாகும். இதன்படி, உரிய நிலையை அடையாத குழந்தைக்கு ஒன்றைக் கற்பிப்பதால் பெரும் பயன் இல்லை.

இரண்டாவது, கற்றலும் வளர்ச்சியும் ஒன்றே என்பது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் போன்றோர் தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடையே ஏற்படும் இணைப்புகள் பெருகுவதே கற்றல் என்றனர். இதன்படி, குழந்தை வளர்கிறது என்பதற்கு அதனிடம் இத்தகைய பழக்கங்கள் சேர்கின்றன என்பதே பொருள்.

மூன்றாவது, இவ்விரண்டையும் இணைக்க முயன்ற ஜெர்மானிய முழுமைக்காட்சி உளவியலாளர் குர்ட் காஃப்காவின் கருத்து. முதிர்ச்சியும் கற்றலும் தனித்தனியானவை, ஆயினும் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று அவர் கூறினார்.

வைகாட்ஸ்கி இம்மூன்றையும் ஏற்கவில்லை. நல்ல கற்பித்தல் வளர்ச்சிக்கு முன்னே சென்று அதனை இழுத்துச் செல்ல வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. இதை நிறுவவே அவரது பிற்காலப் பணி முழுவதும் அமைந்தது.

கருவிகளும் குறிகளும்

மனிதர் இயற்கையை மாற்றக் கோடரி, கலப்பை போன்ற கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். அதைப் போலவே தம் மனத்தின் செயல்களைக் கட்டுப்படுத்தக் குறிகளைப் பயன்படுத்துகின்றனர் என்றார் வைகாட்ஸ்கி. சொற்கள், எண்கள், எழுத்து, வரைபடம், நினைவூட்டுவதற்காகத் துணியில் போடும் முடிச்சு ஆகியவை இத்தகைய குறிகளாகும். இவற்றைத் தனி மனிதர் எவரும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. சமூகம் நெடுங்காலமாக உருவாக்கி வைத்திருப்பவற்றைக் குழந்தை மற்றவர்களிடமிருந்து பெற்றுக்கொள்கிறது.

லியோன்டியெவ் நடத்திய சோதனை ஒன்று இதனை விளக்குகிறது. பொருள்களின் நிறம் பற்றிய கேள்விகள் குழந்தைகளிடம் கேட்கப்பட்டன. சில நிறங்களின் பெயரைச் சொல்லக்கூடாது, எந்த நிறத்தையும் இருமுறை சொல்லக்கூடாது என்பன விதிகள். பின்னர் வண்ண அட்டைகள் தரப்பட்டு, அவற்றை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கூறப்பட்டது. பள்ளி செல்லாத சிறு குழந்தைகளுக்கு அட்டைகள் பயன்படவில்லை. பள்ளிக் குழந்தைகள் தடை செய்யப்பட்ட நிறங்களைத் தனியே ஒதுக்கி வைத்து, அட்டைகளைப் பார்த்துப் பார்த்து விடை கூறியதால் அவர்களது தவறுகள் வெகுவாகக் குறைந்தன. பெரியவர்களுக்கு அட்டைகளால் அதிக வேறுபாடு ஏற்படவில்லை. ஏனெனில் அட்டை செய்யும் வேலையை அவர்கள் மனத்துக்குள்ளேயே செய்தனர். வெளியில் இருந்த உதவி உள்ளே சென்றுவிடும் இந்த மாற்றத்தை வைகாட்ஸ்கி அகவயமாதல் என்று கருதினார்.

கைக்குழந்தை சுட்டிக்காட்டக் கற்பதும் இவ்வாறே. குழந்தை எட்டாத பொருளைப் பிடிக்கக் கையை நீட்டுகிறது. அதைக் கண்ட தாய், குழந்தை அப்பொருளைக் கேட்பதாகப் புரிந்துகொண்டு எடுத்துத் தருகிறார். பொருளை நோக்கிய வீணான முயற்சி, தாயின் புரிதலால் ஒரு செய்தியாகிறது. பிறகு குழந்தையும் தாயை நோக்கியே அச்சைகையைச் செய்யத் தொடங்குகிறது. அச்சைகையின் பொருளை இறுதியாக அறிவது குழந்தையே. முதலில் அறிந்தவர் தாய்.

பேச்சும் சிந்தனையும்

சிறு குழந்தைகள் விளையாடும்போது எவரையும் நோக்காமல் தமக்குத் தாமே பேசிக்கொள்வதுண்டு. 1923 இல் வெளிவந்த நூலில் பியாஜே இதனைத் தன்மையப் பேச்சு என்று அழைத்தார். மற்றவரின் நோக்கில் இருந்து பார்க்க இயலாத குழந்தையின் சிந்தனையை அது காட்டுவதாகவும், குழந்தை சமூகத்துடன் பழகப் பழக மறைந்துவிடுவதாகவும் அவர் கருதினார்.

வைகாட்ஸ்கி இதனைச் சோதித்துப் பார்த்தார். குழந்தைகள் படம் வரையும்போது தேவையான வண்ணப் பென்சிலோ தாளோ இல்லாதவாறு தடைகளை ஏற்படுத்தினார். அப்போது அவர்களது தன்மையப் பேச்சு ஏறத்தாழ இருமடங்கானது. குழந்தை தன் சிக்கலை உரக்கச் சொல்லி, என்ன செய்வது என்று தானே வழி தேடியது. மற்றொரு சோதனையில், செவித்திறன் இல்லாத குழந்தைகளுடனோ வேறு மொழி பேசும் குழந்தைகளுடனோ விளையாட விட்டபோது அப்பேச்சு வெகுவாகக் குறைந்தது. தன்னைப் பிறர் புரிந்துகொள்கிறார்கள் என்ற எண்ணம் இல்லாதபோது அது எழவில்லை.

இவற்றிலிருந்து, இப்பேச்சு சமூகப் பேச்சிலிருந்தே பிறக்கிறது, சிக்கலைத் தீர்க்க உதவும் கருவியாகிறது, பின்னர் மறையாமல் ஒலியற்ற அகப்பேச்சாக உள்ளே செல்கிறது என்ற முடிவுக்கு வந்தார். சிந்தனைக்கும் பேச்சுக்கும் வேர்கள் வெவ்வேறு என்பதும் அவரது கருத்தாகும். வோல்ஃப்காங் கோலர் ஆராய்ந்த சிம்பன்சிகள் பேச்சின்றியே குச்சியைக் கொண்டு பழத்தை இழுக்கும் வழி கண்டன. கைக்குழந்தையின் மழலையோ சிந்தனையின்றி எழுவது. குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு வயதாகும்போது இவ்விரு ஓடைகளும் கலக்கின்றன. அதன்பின் பேச்சு சிந்தனை சார்ந்ததாகவும், சிந்தனை சொல் சார்ந்ததாகவும் மாறுகின்றன.

கருத்துருக்களின் வளர்ச்சி

சொல் ஒன்றே என்றாலும் குழந்தைக்கும் பெரியவருக்கும் அதன் பொருள் ஒன்றாக இருப்பதில்லை. இதனை ஆராய, லெவ் சாகரொவ் உருவாக்கிய மரக்கட்டைச் சோதனையை வைகாட்ஸ்கியின் குழுவினர் பயன்படுத்தினர். நிறம், வடிவம், உயரம், அளவு ஆகியவற்றில் வேறுபட்ட கட்டைகள் குழந்தையின் முன் வைக்கப்படும். ஒவ்வொன்றின் அடியிலும் பொருளற்ற சொல் ஒன்று எழுதப்பட்டிருக்கும். ஒரு கட்டையின் பெயரைக் காட்டி, அதே பெயருள்ள மற்றவற்றைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்கப்படும்.

மிகச் சிறு குழந்தைகள் தொடர்பின்றிக் கட்டைகளைக் குவித்தனர். சற்று வளர்ந்தவர்கள் ஏதோ ஓர் ஒற்றுமையைக் கொண்டு சேர்த்தனர்; ஆனால் அவ்வொற்றுமை இடையிடையே மாறியது. மஞ்சள் முக்கோணத்துடன் வேறு முக்கோணங்களைச் சேர்த்து, அவற்றில் கடைசியாக வந்தது நீலமாக இருந்தால் அடுத்து நீல வட்டங்களைச் சேர்ப்பது போன்றது அது. எல்லாவற்றுக்கும் பொதுவான பண்பைப் பிரித்தெடுத்துக் காணும் திறன் வளரிளம் பருவத்திலேயே முழுமை பெற்றது.

அன்றாட வாழ்வில் தானாக வளரும் கருத்துருக்களையும், பள்ளியில் கற்கும் அறிவியல் கருத்துருக்களையும் வைகாட்ஸ்கி வேறுபடுத்தினார். உடன்பிறந்தான் யார் என்பது குழந்தைக்கு நன்கு தெரியும். அதை வரையறுக்கச் சொன்னால் திணறும். ஆர்க்கிமிடீசின் விதியையோ எளிதாக வரையறுத்துவிடும். ஆனால் அதற்கு வாழ்வனுபவம் குறைவு. முன்னது கீழிருந்து மேலே வளர்கிறது, பின்னது மேலிருந்து கீழே இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும்போதே உண்மையான அறிவு உருவாகிறது. எனவே வெறும் வரையறைகளை மனப்பாடம் செய்விப்பது பயனற்றது என்று அவர் எச்சரித்தார்.

அண்மை வளர்ச்சி மண்டலம்

வைகாட்ஸ்கியின் பெயரை உலகெங்கும் அறியச் செய்த கருத்து இதுவாகும். நுண்ணறிவுச் சோதனைகள் குழந்தை தனியாக எதைச் செய்கிறது என்பதை மட்டுமே அளக்கின்றன. அது நேற்று வரை முடிந்துவிட்ட வளர்ச்சியைக் காட்டும். நாளைய வளர்ச்சியைக் காட்டாது என்பது அவரது வாதம்.

எடுத்துக்காட்டாக, சோதனையில் இரு குழந்தைகளின் மனவயதும் 8 எனத் தெரிகிறது என்று கொள்வோம். இத்துடன் நிறுத்திவிட்டால் இருவரும் சமமானவர்களே. ஆனால் இருவருக்கும் கடினமான கணக்குகளைக் கொடுத்து, முதற்படியைக் காட்டியோ வழிநடத்தும் கேள்வி கேட்டோ உதவினால், ஒரு குழந்தை 12 வயதினருக்கான கணக்குகள் வரை செய்கிறது. மற்றொன்று 9 வயதினருக்கானவை வரையே செல்கிறது. தனியாகச் செய்யக்கூடியதற்கும் உதவியுடன் செய்யக்கூடியதற்கும் உள்ள இந்த இடைவெளியே அண்மை வளர்ச்சி மண்டலமாகும். இன்று உதவியுடன் செய்வதைக் குழந்தை நாளை தானாகவே செய்யும். ஆகவே கற்பித்தல் இம்மண்டலத்தை நோக்கி அமைய வேண்டும். ஏற்கனவே தெரிந்ததைக் கற்பிப்பதும், எவ்வளவு உதவினாலும் எட்டாததைக் கற்பிப்பதும் வளர்ச்சிக்கு உதவா.

சிறுவர் விளையாட்டும் இத்தகைய மண்டலத்தை உருவாக்குவதாக அவர் கருதினார். குச்சியைக் குதிரையாகக் கொண்டு விளையாடும் குழந்தை, பொருளிலிருந்து அதன் கருத்தைப் பிரித்தறியப் பழகுகிறது.

உஸ்பெகிஸ்தான் ஆய்வு

பண்பாடு மாறினால் சிந்தனையும் மாறுமா என்பதை அறிய, வைகாட்ஸ்கியும் லூரியாவும் நடு ஆசியாவில் ஆய்வு ஒன்றைத் திட்டமிட்டனர். லூரியாவின் தலைமையில் 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் இரு குழுக்கள் உஸ்பெகிஸ்தான் சென்றன. நோய் காரணமாக வைகாட்ஸ்கி செல்லவில்லை. சுத்தியல், இரம்பம், மரத்துண்டு, கோடரி ஆகியவற்றில் சேராதது எது என்று கேட்டபோது, எழுத்தறிவற்ற உழவர்கள் மரம் இல்லாமல் கருவிகளுக்கு வேலை இல்லை என்று கூறி, நான்கையும் பிரிக்க மறுத்தனர். சிறிது காலம் பள்ளி சென்றவர்கள் மரத்துண்டை விலக்கினர். பள்ளிக் கல்வி பொருள்களை வகைப்படுத்தும் முறையையே மாற்றுகிறது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

இவ்வாய்வு சோவியத் உழவர்களை இழிவுபடுத்துவதாகக் கண்டனங்கள் எழுந்தன. இதன் முழு முடிவுகள் 1974 இல்தான் நூலாக வெளிவந்தன.

இறுதி ஆண்டுகள்

1930களின் தொடக்கத்தில் அரசியல் சூழல் இறுகியது. வைகாட்ஸ்கியின் கருத்துகள் மேலைநாட்டுச் சிந்தனையின் சாயல் கொண்டவை என்று விமர்சிக்கப்பட்டன. லியோன்டியெவும் வேறு சிலரும் உக்ரைனின் கார்கொவ் நகருக்குச் சென்று தனிப் பாதையில் ஆய்வைத் தொடர்ந்தனர். நண்பர்களுக்கு இடையே கருத்து வேறுபாடும் தோன்றியது. வைகாட்ஸ்கி மாஸ்கோ, லெனின்கிராத், கார்கொவ் ஆகிய நகரங்களுக்கு இடையே பயணம் செய்து விரிவுரை ஆற்றினார். மனமும் மூளையும் தொடர்புறும் விதத்தை அறிய விரும்பி, பேராசிரியரான பின்னரும் மருத்துவ மாணவராகப் பதிவு செய்துகொண்டார்.

நோய் முற்றிய நிலையில், பேச்சும் சிந்தனையும் குறித்த தமது ஆய்வுகளைத் தொகுத்து நூலாக்க முனைந்தார். அதன் சில அத்தியாயங்கள் முன்பே எழுதியவை. இறுதி அத்தியாயத்தைப் படுக்கையில் இருந்தபடி சொல்லிப் பிறரை எழுத வைத்தார். 1934 மே மாதம் கடுமையான இரத்தப்போக்கு ஏற்பட்டது. ஜூன் 11 அன்று மாஸ்கோவில் காலமானார். நோவதேவிச்சி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். சிந்தனையும் பேச்சும் என்ற அந்நூல் அவ்வாண்டின் இறுதியில், அவர் இறந்த பின்னரே வெளிவந்தது.

மறைவுக்குப் பின்

1936 ஜூலை 4 அன்று சோவியத் கம்யூனிஸ்டுக் கட்சியின் மத்தியக் குழு, குழந்தையியல் என்ற துறையைக் கண்டித்து ஆணை பிறப்பித்தது. குழந்தைகளைச் சோதனைகளால் அளந்து, பலரைப் பின்தங்கியோர் பள்ளிகளுக்கு அனுப்புவதாக அத்துறையின் மீது குற்றம் சாட்டப்பட்டது. அத்தகைய சோதனைகளின் குறையை எடுத்துக்காட்டியவர் வைகாட்ஸ்கி. எனினும் அவரும் குழந்தையியல் பற்றி எழுதியவர் என்பதால் அவரது நூல்கள் பல நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டன. அவர் பெயரைச் சுட்டித் தனித் தடையாணை எதுவும் இருக்கவில்லை என்று பிற்கால ஆவண ஆய்வுகள் தெரிவிக்கின்றன. ஆயினும் அவரைப் பற்றி வெளிப்படையாக எழுதுவது அரிதாயிற்று. கையெழுத்துப் படிகளைக் குடும்பத்தினரும் நண்பர்களும் பாதுகாத்தனர். மூத்த மகள் கீத்தாவும் பின்னர் உளவியலாளராகித் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

ஸ்டாலினின் மறைவுக்குப் பின் 1956 இல் லியோன்டியெவும் லூரியாவும் அவரது தேர்ந்தெடுத்த ஆய்வுகளைப் பதிப்பித்தனர். 1962 இல் சிந்தனையும் பேச்சும் நூலின் சுருக்கமான ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் வெளிவந்தது. பியாஜே அதன் தொடர்பில் தமது கருத்துரையை எழுதினார். தன்மையப் பேச்சு அகப்பேச்சாக மாறுகிறது என்பதை ஏற்றுக்கொண்ட அவர், தாம் தன்மையம் என்று குறிப்பிட்டதன் உட்பொருளை வைகாட்ஸ்கி முழுமையாகக் காணவில்லை என்றும் கூறினார். தம்மைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனத்தை அதன் ஆசிரியர் இறந்து ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் விரிவாக அறிய நேர்ந்தது.

1978 இல் மைக்கேல் கோல் முதலானோர் தொகுத்த மற்றொரு ஆங்கில நூல் அவரது புகழைப் பெருக்கியது. அவ்வாண்டு மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின், அவரை இசைமேதை மோட்சார்ட்டுடன் ஒப்பிட்டு எழுதினார். 1982 முதல் 1984 வரை ரஷ்ய மொழியில் ஆறு தொகுதிகள் வெளிவந்தன.

விமர்சனங்கள்

வைகாட்ஸ்கி தமது சோதனைகளின் விவரங்களையும் எண்களையும் போதிய அளவு தரவில்லை என்பது ஒரு குறையாகக் கூறப்படுகிறது. அண்மை வளர்ச்சி மண்டலம் பற்றி அவர் இறுதி ஆண்டுகளின் சில எழுத்துகளிலும் உரைகளிலும் மட்டுமே பேசியுள்ளார். அதனை எவ்வாறு அளப்பது என்பது தெளிவாக்கப்படவில்லை. பாடநூல்களில் அவரது கருத்தாகப் பெரும்பாலும் கூறப்படும் சாரம் கட்டுதல் என்னும் உவமை அவருடையது அன்று. கட்டடம் எழும்பியதும் சாரம் பிரிக்கப்படுவது போல ஆசிரியரின் உதவியும் படிப்படியாக விலக வேண்டும் என்ற அக்கருத்து, டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் 1976 இல் எழுதிய கட்டுரையில் இடம்பெற்றது.

1978 ஆம் ஆண்டின் தொகுப்பு வெவ்வேறு கையெழுத்துப் படிகளை வெட்டி ஒட்டி உருவாக்கப்பட்டது என்பதால், உலகம் அறிந்த வைகாட்ஸ்கி ஓரளவு பதிப்பாளர்களின் ஆக்கமே என்று கூறுவோரும் உளர்.

பண்பாடுகளை ஒரே ஏணியின் படிகளாகக் கண்டார் என்பது மற்றொரு விமர்சனமாகும். லைபீரியாவின் வை மக்களிடையே சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் நடத்தி 1981 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பள்ளி செல்லாமலே தமது சொந்த எழுத்தை அறிந்திருந்த அம்மக்களிடம், எழுத்தறிவு மட்டும் பொதுவான சிந்தனை மாற்றத்தைக் கொண்டுவரவில்லை என்று அவ்வாய்வு காட்டியது.

கல்வியில் தாக்கம்

குழந்தைகள் கடினமான வேலைகளின்போது தமக்குத் தாமே அதிகம் பேசிக்கொள்கின்றனர் என்பதைப் பிற்கால ஆய்வுகள் பல உறுதிப்படுத்தின. மாணவர்கள் முறைமாற்றி ஆசிரியராக இருந்து வாசிப்பைக் கற்கும் முறையை ஆன்மேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984 இல் விளக்கினர். உதவி அளித்து, அதன்பின் மாணவர் எவ்வளவு முன்னேறுகிறார் என்பதை அளக்கும் மதிப்பீட்டு முறைகளும் வைகாட்ஸ்கியின் சிந்தனையிலிருந்து உருவாயின. குழுக் கற்றல், மாணவர் மாணவருக்குக் கற்பித்தல் ஆகியவற்றுக்கும் இவரது கோட்பாடு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. இந்தியாவில் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வின் பாடத்திட்டத்தில் பியாஜே, கோல்பர்க் ஆகியோருடன் வைகாட்ஸ்கியும் இடம்பெற்றுள்ளார்.

தேர்வில் தனியாக விடை எழுதத் தவறிய குழந்தையை அறிவற்ற குழந்தை என்று முடிவு கட்டிவிடலாமா என்ற கேள்வி இன்றும் பள்ளிகளில் எழுவதாகும். சிறிது உதவி கிடைத்தால் அக்குழந்தை எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும் என்பது வைகாட்ஸ்கி அதற்கு அளித்த விடையாகும்.